பி.ஆர். பாடத்தில் ஏஐ ஒரு யூனிட் சேர்த்தால் புதுமை வந்துவிடுமா? சிலபஸ் மாற்றுகிறோம், யோசனை சொல்லுங்கள்

#1 தேனீ_வாத்தியார்

இதழியல் துறையில் மக்கள் தொடர்பு (பி.ஆர்.) தாள் நடத்துகிறேன். பதினைந்து வருடமாக அதே தாள். இப்போது "பாடத்தில் புதுமை வேண்டும்" என்று கூட்டம் போட்டு, மாற்றங்களை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தில் வந்த யோசனைகள் எல்லாம் ஒரே பக்கம்தான் போயின: சாட்ஜிபிடிக்கு ஒரு யூனிட், சோஷியல் மீடியா அனலிடிக்ஸுக்கு ஒரு யூனிட், இன்ஃப்ளூயன்சருக்கு ஒரு யூனிட்.

எனக்கு இது நெருடுகிறது. 2012-இல் இப்படித்தான் ஃபேஸ்புக் பக்கம் நடத்துவது எப்படி என்று ஒரு யூனிட் சேர்த்தோம். ஸ்கிரீன்ஷாட்டோடு நோட்ஸ் கொடுத்தேன். அந்த பேட்ச் வேலைக்குப் போவதற்குள் அந்தப் பக்கத்தின் அமைப்பே மாறிவிட்டது. நோட்ஸ் மட்டும் நான்கு வருடம் ஜெராக்ஸாகிக்கொண்டே இருந்தது.

என்னிடம் இருப்பது 15 வாரம், வாரத்துக்கு 4 மணி நேரம், வகுப்பில் 36 பேர். இறுதித் தேர்வுத் தாளில் கை வைக்க முடியாது. உள்மதிப்பீட்டை என் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள். எதைத் தூக்கலாம், எதைச் சேர்க்கலாம்?

#2 மறுபக்கம்

முழுத் தாளையும் தூக்கலாம். கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு பெரிய நிறுவனத்துக்குள்ளேயே பதினாறு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் கெட்டிக்காரர்கள் மூன்று பேர். ஒருவர் படித்தது தாவரவியல், இன்னொருவர் வரலாறு, மூன்றாமவர் பத்திரிகையில் பத்து வருடம் குப்பை கொட்டியவர். பி.ஆரில் பட்டம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் முதல் நாளே ஸ்ட்ராட்டஜி போடத் தயாராக இருக்கிறார்கள். ஒரு பத்தி எழுதச் சொன்னால் மதியம் ஆகிவிடுகிறது.

#3 கறுப்புமை

மறுபக்கம் சொல்வதில் பாதி சரி. அந்த மூன்றாமவர் நன்றாக வேலை பார்க்கிறார் என்றால், எங்கோ ஒரு பத்திரிகை அவருக்குச் சம்பளமும் கொடுத்து பத்து வருடம் பழக்கி அனுப்பியிருக்கிறது. பி.ஆர். தொழிலுக்குப் பல காலம் இலவசப் பட்டறையாக இருந்தது செய்தி அறைதான். நானும் அங்கிருந்து வந்தவன். டெஸ்கில் இருந்த சீனியர் என் முதல் காப்பியை வாங்கி, மேலே இருந்த பத்தியை ஸ்கேலை வைத்துக் கிழித்துவிட்டு, "ரெண்டாவது பத்தியிலதான் செய்தி இருக்கு, அங்கேருந்து ஆரம்பி" என்றார். அந்த ஒரு கிழிப்பில் படித்ததைத்தான் இன்றுவரை விற்றுப் பிழைக்கிறேன்.

இப்போது செய்தி அறைகள் சுருங்கிவிட்டன. சீனியர்கள் போய்விட்டார்கள். அந்தப் பழக்கத்தை இனி யார் கொடுப்பது? கல்லூரி இல்லையென்றால் யாரும் இல்லை.

ஆனால் கல்லூரி இதற்குத் தயாரா என்பது வேறு கேள்வி. பி.ஆர். தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான எட்வர்ட் பெர்னேஸ் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தை நடத்தத் தொடங்கியது 1923-இல். பாஸ்டன் பல்கலைக்கழகம் இதற்கென்று தனிப் பள்ளியே திறந்தது 1947-இல். நூறு வருடம் தாண்டியும் பெரும்பாலான வகுப்பில் வாத்தியார் ஸ்லைடு போடுகிறார், பிள்ளைகள் போட்டோ எடுக்கிறார்கள். யூனிட்டின் பெயரில் ஏஐ என்று இருந்தால் மட்டும் இது மாறிவிடுமா?

#4 நிலா_பி

ஏஜென்சியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கறுப்புமை அண்ணா சொன்ன பட்டறை விஷயத்தில் இன்னொரு ஓட்டையும் விழுந்திருக்கிறது.

எனக்கு முன்னால் சேர்ந்தவர்கள் முதல் வருடம் முழுக்க மூன்று வேலை செய்வார்களாம். மீடியா லிஸ்டைப் புதுப்பிப்பது, காலையில் கிளிப்பிங் (பத்திரிகையில் வந்த செய்திகளின் வெட்டுகள்) தொகுப்பது, செய்திக்குறிப்புக்கு முதல் டிராஃப்ட் அடிப்பது. சலிப்பான வேலைதான். ஆனால் எந்த நிருபர் எதை எழுதுவார், எந்தத் தலைப்பு எடுபடும், எது குப்பைக்குப் போகும் என்பதெல்லாம் அதில்தான் கையில் ஒட்டும். இப்போது அந்த மூன்றையும் மெஷின் பத்து நிமிடத்தில் செய்துவிடுகிறது. நாங்கள் நேரடியாக மேல்படியில் நிற்கிறோம். கீழ்ப்படிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

போன மாதம் ஒரு புதுப் பையன் மெஷின் கொடுத்த டிராஃப்டை அப்படியே கிளையண்டுக்கு அனுப்பிவிட்டான். அதில் நிர்வாக இயக்குநர் சொன்னதாக ஒரு மேற்கோள் இருந்தது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. பெரிய ரகளை.

#5 கறுப்புமை

நிலா, அந்தப் பையன் மேல் ரொம்பக் கோபப்படாதே. செய்திக்குறிப்பில் எம்.டி. சொன்னதாக வரும் எந்த மேற்கோளை எந்த எம்.டி. உண்மையில் சொல்லியிருக்கிறார்? "இந்த மைல்கல்லை எட்டியதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்" என்று வீட்டில்கூட யாராவது பேசுவார்களா? நாம் எழுதி, அவர் பார்த்து ஓகே சொன்னார். மெஷின் எழுதியதை யாரும் பார்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுதான் முக்கியமான வித்தியாசம்.

#6 மறுபக்கம்

வகுப்பில் வைக்க வேண்டிய கேஸ் ஒன்று இருக்கிறது. 2023 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தது. அதையொட்டி வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி தன் மாணவர்களுக்கு ஆறுதல் மின்னஞ்சல் அனுப்பியது. ஒருவரையொருவர் கவனித்துக்கொள்வோம், ஒன்றாக இருப்போம் என்ற வகையில் போகும். கடைசி வரியில், இது சாட்ஜிபிடியில் இருந்து எடுத்தாண்டது என்று சின்னதாக ஒரு குறிப்பு. மாணவர்கள் கொதித்துப்போனார்கள், மறுநாள் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

இதில் மொழிப் பிழையும் இல்லை, தகவல் பிழையும் பெரிதாக இல்லை. குறிப்பைப் போட்டதால் ஒளிவுமறைவும் இல்லை. பிறகு ஏன் அத்தனை பேருக்கும் அடிவயிறு எரிந்தது? இந்த ஒரு கேள்வியை வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டலாம். ப்ராம்ப்ட் எழுதுவது எப்படி என்ற யூனிட்டில் இதற்கு இடம் இருக்காது.

(தாளையே தூக்கச் சொன்னவன் கேஸ் எடுத்துக் கொடுக்கிறேன். பழக்கதோஷம்.)

#7 அளவுகோல்

எல்லோரும் எழுதுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அளவீட்டு வேலையில் இருப்பவன். புதுமை இல்லாமல் நாறிப்போயிருக்கிற இடம் எங்கள் பக்கம்தான்.

இன்றும் மாதக் கடைசியில் கேட்கிறார்கள்: "எத்தனை சென்டிமீட்டர் வந்தது, விளம்பர விலையில் எவ்வளவு?" செய்தி வந்த இடத்தை அளந்து, அதே இடத்துக்கு விளம்பரம் போட்டால் ஆகும் தொகையால் பெருக்கி, செய்திக்கு நம்பகத்தன்மை அதிகம் என்று சொல்லி அதை மறுபடி மூன்றால் பெருக்குவது. அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. 2010-இல் அளவீட்டுத் துறையினர் பார்சிலோனாவில் கூடி ஏழு கொள்கைகள் வகுத்தார்கள். அதில் ஒன்று நேரடியாகவே சொல்கிறது, விளம்பர மதிப்புக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று. 2015-இலும் 2020-இலும் அந்தக் கொள்கைகளைப் புதுப்பித்தார்கள். ஆனாலும் எக்ஸெலில் அந்தக் கணக்குக்கான நெடுவரிசை இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஏனென்றால் படித்து வருகிறவர்களுக்கு வேறு கணக்கு தெரியாது. ஜான் மார்ஸ்டன் 1963-இலேயே ஆய்வு, செயல், தகவல்தொடர்பு, மதிப்பீடு என்று வரிசை போட்டுக் கொடுத்தார். இன்றும் தேர்வில் ஐந்து மார்க் கேள்வி அது. நான்கையும் மனப்பாடமாக எழுதுகிற மாணவரிடம் "சரி, ரத்ததான முகாமுக்கு பி.ஆர். செய்தாய், வேலை செய்ததா?" என்று கேட்டால், "நாலு பேப்பர்ல வந்துச்சு" என்கிறார். முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள், அதில் முதல்முறை வந்தவர் எத்தனை பேர், செய்தியைப் பார்த்து வந்தாரா, நண்பர் இழுத்து வந்தாரா என்று வாசலில் நின்று கேட்க வேண்டாமா?

வாத்தியாரே, என் ஆலோசனை ஒன்றுதான். எந்த அசைன்மென்டாக இருந்தாலும், வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு தாளில் இரண்டு வரி எழுதி உறையில் போட்டு ஒட்டி உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். "யாரிடம் எது மாறும்? மாறியது என்று எப்படித் தெரிந்துகொள்வோம்?" முடிந்த பிறகு வகுப்பில் பிரியுங்கள். ஒரு மென்பொருளும் தேவையில்லை.

#8 தேனீ_வாத்தியார்

உறை யோசனை பிடித்திருக்கிறது. எடுத்துக்கொள்கிறேன்.

மறுபக்கம் சொன்ன கேஸும் சரி. டைலனால் வலி மாத்திரையில் யாரோ விஷம் கலந்த கேஸை நடத்தி நடத்தி எனக்கே அலுத்துவிட்டது. 1982, ஏழு பேர் சாவு, 3 கோடிக்கும் மேற்பட்ட பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள், பிரித்தால் தெரிந்துவிடுகிற மாதிரி புது மூடி. நல்ல கதைதான், ஆனால் எல்லாருக்கும் முடிவு தெரியும். முடிவு தெரிந்த கதையில் எல்லாரும் சரியாகத்தான் முடிவெடுப்பார்கள்.

போன வருடம் நெருக்கடிப் பாடத்தில் ஒரு பயிற்சி கொடுத்தேன். கற்பனைச் சூழல்: ஒரு பரிசோதனைக் கூடம், 214 பேருக்கு ரத்தப் பரிசோதனை முடிவை மாற்றி அனுப்பிவிட்டது. அறிக்கை எழுது. வகுப்பிலேயே நல்ல மார்க் வாங்கியது இது:

"எங்கள் மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, சில தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் பரிசோதனை அறிக்கைகள் வழங்கப்படுவதில் ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். தரத்திற்கு என்றும் முன்னுரிமை அளித்துவரும் எங்கள் நிறுவனம், இது தொடர்பாக உரிய நடவடிக்கைகளை மேற்கொண்டு வருகிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

16/20 போட்டேன். இப்போது பார்க்க வெட்கமாக இருக்கிறது.

#9 கறுப்புமை

16-ஆ! வாத்தியாரே, ஸ்கேலை எடுத்து வாருங்கள்.

"தவிர்க்க இயலாத". யார் சொன்னது? விசாரணை முடிந்துவிட்டதா? "தொழில்நுட்பக் காரணங்கள்". ஆள் தவறாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால்? "அசௌகரியம்". பக்கத்து வீட்டுக்காரருடைய சர்க்கரை அளவைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டவருக்கு அது அசௌகரியமா? "வழங்கப்படுவதில் ஏற்பட்ட". யாரும் செய்யவில்லை, தானாக ஏற்பட்டது. "உரிய நடவடிக்கை". அது என்ன என்று இதுவரை எவரும் சொன்னது கிடையாது.

இத்தனை வார்த்தையில், அந்த 214 பேரில் ஒருவர் படித்தால் இப்போது அவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. நானாக இருந்தால்:

"மார்ச் 3, 4 தேதிகளில் எங்களிடம் ரத்தம் கொடுத்த 214 பேருக்கு வேறொருவரின் முடிவை அனுப்பிவிட்டோம். தவறு எங்களுடையது. அந்த முடிவை வைத்து எந்த மருந்தையும் தொடங்கியிருந்தாலோ மாற்றியிருந்தாலோ இன்றே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். மதியம் 2 மணி வரை 180 பேரிடம் தொலைபேசியில் பேசிவிட்டோம். மீதி 34 பேரின் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம். எப்படி நடந்தது என்று இன்னும் தெரியவில்லை. நாளை காலை 10 மணிக்கு, தெரிந்தவரை சொல்கிறோம்."

#10 மறுபக்கம்

இதைச் சட்டப் பிரிவு உயிரோடு விடுமா? "தவறு எங்களுடையது" என்ற வரியை வெட்டிவிட்டுத்தான் திருப்பி அனுப்புவார்கள்.

#11 கறுப்புமை

வெட்டுவார்கள். அதனால்தான் பயிற்சியில் ஒருவரை வக்கீலாக உட்கார வைக்க வேண்டும். அந்த வரிக்காக ஒரு மாணவர் இருபது வயதிலேயே ஒருமுறை வாதாடிப் பார்க்கட்டும். தோற்றாலும் பரவாயில்லை. வக்கீல் சொல்வதிலும் நியாயம் இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

#12 இறுதியாண்டு

நான் மாணவி. ஓரமாகப் படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று சொல்லலாமா?

எங்களுக்கு குரூனிக், ஹன்ட் என்ற இரு அறிஞர்கள் பி.ஆருக்கு வகுத்த நான்கு மாதிரிகள் பாடம். 1984-இல் வந்தது. விளம்பர வேட்டை, தகவல் தருவது, இருவழி சமமற்றது, இருவழிச் சமமானது. கடைசி மாதிரிதான் உயர்ந்தது, அதில் நிறுவனம் மக்கள் சொல்வதைக் கேட்டுத் தன்னையும் மாற்றிக்கொள்ளும் என்று எழுதினால் முழு மார்க். ஆனால் மூன்று வருடத்தில் ஒரு அசைன்மென்டில்கூட நாங்கள் வெளியே போய் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. போஸ்டர் செய்தோம், ரீல் செய்தோம், செய்திக்குறிப்பு எழுதினோம். எல்லாமே வெளியே சொல்வதுதான். கேட்பதற்கு மார்க் வைத்த பாடம் ஒன்றுகூட இல்லை.

#13 அளவுகோல்

இந்த இழையிலேயே சரியான பதிவு இதுதான்.

#14 நிலா_பி

உண்மை. வேலையிலும் அப்படித்தான். "சோஷியல் லிசனிங்" என்று, சமூக வலைதளத்தில் மக்கள் பேசுவதைக் கவனிக்க டாஷ்போர்டு வாங்குகிறார்கள். அது பச்சை, சிவப்பு, சாம்பல் என்று வட்டம் போட்டுக் காட்டும். தமிழில் ஒருவர் "சூப்பர் சர்வீஸ், மூணு நாளா தண்ணியே வரல" என்று எழுதினால், அதைப் பச்சையில் போட்ட டாஷ்போர்டை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அறிக்கையில் அது பாராட்டாகப் போயிற்று. நூறு பதிவை உட்கார்ந்து கையால் படிக்கவைத்து, பிறகு மெஷின் போட்ட நிறத்தோடு ஒப்பிடவைத்தாலே அது நல்ல வகுப்பு. அனலிடிக்ஸ் யூனிட் என்று சிலபஸில் பெயர் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் வலிக்காது.

#15 தேனீ_வாத்தியார்

நிலா, இது அப்படியே போகிறது. துறைத் தலைவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

மாணவர்களே நடத்தும் ஏஜென்சி பற்றி என்ன நினைக்கிறீர்கள்? பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிஆர்லேப் 1978-இல் இருந்து நடக்கிறது. நிஜக் கிளையண்ட், நிஜ வேலை. எங்கள் துறையிலும் ஒன்று தொடங்கலாம் என்ற பேச்சு இருக்கிறது.

#16 நிலா_பி

நான் படித்த இடத்தில் அப்படி ஒன்று இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன். நிஜக் கிளையண்ட்தான், ஆனால் வந்த கிளையண்டுகள் எல்லாருக்கும் வேண்டியது இலவச போஸ்டர். ஒரு செமஸ்டரில் நாற்பத்தியொரு போஸ்டர் செய்தேன். கிளையண்டை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை, வாட்ஸ்அப்பில் "லோகோ பெருசா" என்று மட்டும் வரும். ஆசிரியர் கூடவே இருந்து, "இதற்கு போஸ்டர் தேவையா?" என்று கிளையண்டிடம் கேட்கிற தைரியம் இருந்தால் தொடங்குங்கள் சார். இல்லையென்றால் வேண்டாம்.

#17 மறுபக்கம்

அது ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டுமே. பாடம் எடுப்பவர்களில் எத்தனை பேர் இந்த வேலையை ஒரு மாதமாவது பார்த்திருக்கிறார்கள்? தவறாக நினைக்காதீர்கள்.

#18 தேனீ_வாத்தியார்

தவறாக நினைக்கவில்லை. நான் பார்த்ததில்லை. முனைவர் பட்டம் முடித்து நேராக வகுப்புக்கு வந்தவன். கோடை விடுமுறையில் எங்காவது நான்கு வாரம் உட்காரலாம் என்று இருக்கிறேன். டீ வாங்கி வரச் சொன்னாலும் சரி.

#19 கறுப்புமை

என் அலுவலகத்துக்கு வாருங்கள். டீ நானே வாங்கித் தருகிறேன், கிளிப்பிங் நீங்கள் பாருங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். புதுமை புதுமை என்று எல்லோரும் சொல்வதில் எனக்கு ஒரு பயம் உண்டு. இந்தத் தொழிலின் ஆகப் பெரிய புதுமையாளர் யார்? பெர்னேஸ். 1929 ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களை சிகரெட்டோடு நடக்கவைத்து, அதற்கு "சுதந்திரத் தீப்பந்தங்கள்" என்று பெயர் சூட்டி, புகைப்பதைப் பெண் விடுதலையோடு முடிச்சுப் போட்டார். பின்னால் காசு கொடுத்தது சிகரெட் கம்பெனி. இன்றைக்கும் பாதி வகுப்புகளில் இதை "கிரியேட்டிவ் கேம்பெயின்" என்று கண்கள் விரிய நடத்துகிறார்கள். யோசனை அபாரம்தான். அதற்குப் பிறகு எத்தனை நுரையீரல்?

2017-இல் பெல் பாட்டிஞ்சரும் அப்படித்தான். லண்டனில் கொடிகட்டிப் பறந்த ஏஜென்சி. தென்னாப்பிரிக்காவில் தொழிலதிபர்களான குப்தா குடும்பத்தின் நிறுவனத்துக்காக இனப் பகையைக் கிளறும் பிரச்சாரம் செய்ததாகப் புகார் எழுந்து, பி.ஆர். நிறுவனங்களின் சங்கமே அதை வெளியேற்றியது. அதே செப்டம்பர் மாதத்திலேயே கம்பெனி திவாலாகிவிட்டது. அங்கே இருந்தவர்களுக்குத் திறமை குறைவா?

அறநெறியைக் கடைசி யூனிட்டில் வைத்து, நேரமில்லை என்று நோட்ஸ் கொடுத்து முடிக்காதீர்கள். ஒரு பயிற்சி: நல்ல காசு வரும் ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்லி, கிளையண்ட் மனம் கோணாமல் மறுப்புக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஒரு பக்கம். என் இருபது வருடத்தில் நான் எழுதியதிலேயே கஷ்டமான காப்பி அதுதான். இரண்டே முறைதான் எழுதியிருக்கிறேன். இன்னும் நாலைந்து முறை எழுதியிருக்க வேண்டும்.

#20 மட்டுறுத்துநர்

எந்த ஏஐ நல்லது என்ற சண்டை ஒன்பது பதிவு தாண்டிவிட்டதால் அதைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே பாடத்திட்டம் மட்டும்.

#21 மறுபக்கம்

கறுப்புமைக்கு ஒரு சேர்க்கை. இத்தொழிலின் இன்னொரு முன்னோடி ஐவி லீயையும் இப்படி முழுசாக நடத்துங்கள். 1906-இல் நிருபர்களுக்கு அவர் அனுப்பிய கொள்கை அறிக்கையை எல்லாரும் நடத்துகிறார்கள்: எங்கள் வேலையை ஒளிவுமறைவில்லாமல் செய்கிறோம், தகவல் துல்லியமாக இருக்கும், வேண்டுமென்றால் சரிபார்க்க உதவுகிறோம். அதே வருடம் ரயில் விபத்து நடந்தபோது விவரத்தை மூடி மறைக்காமல் தானே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார், உலகின் முதல் செய்திக்குறிப்பு என்று அதைச் சொல்வார்கள். பாடம் இத்துடன் முடிந்துவிடும்.

அதே மனிதர் 1914-இல் சுரங்க முதலாளி ராக்ஃபெல்லருக்காக வேலை பார்த்தார். கொலராடோவில் லட்லோ சுரங்கத் தொழிலாளர் முகாம் தாக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் இறந்த பிறகு, நிர்வாகத் தரப்பை விளக்கும் துண்டறிக்கைகளை வரிசையாக வெளியிட்டார். அதில் தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளக் கணக்கு உட்பட பல தகவல்கள் தப்பு. விசாரணையில் கேட்டபோது, சுரங்க நிர்வாகம் கொடுத்ததை நம்பிப் போட்டேன், தனியாகச் சரிபார்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். "சரிபார்க்க உதவுகிறோம்" என்று எழுதிய அதே கை.

மெஷின் கொடுத்ததை அப்படியே அனுப்பிய நிலாவின் பையனும் ஐவி லீயும் செய்தது ஒரே தவறு என்றுதான் எனக்குப் படுகிறது. நடுவில் நூற்றுச்சொச்ச வருடம்.

#22 தேனீ_வாத்தியார்

இதைப் படித்ததும் ஒரு பயிற்சி தோன்றியிருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன். இங்கே என் மாணவர்கள் இருக்கலாம். நடத்திவிட்டு வருகிறேன்.

#23 தேனீ_வாத்தியார் (நான்கு வாரம் கழித்து)

நடத்தியாயிற்று.

அதே பரிசோதனைக் கூடம், அதே 214 பேர். ஆறு குழு, குழுவுக்கு ஆறு பேர். 90 நிமிடம். ஏஐ பயன்படுத்தலாம், தடையில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பக்கத் தகவல் தாள் கொடுத்தேன். அதில் நிர்வாகம் சொன்ன விவரங்கள் இருந்தன: இன்று காலை 9 மணிக்குத்தான் தவறு கவனத்துக்கு வந்தது, உடனே அனுப்புவதை நிறுத்தினோம், இத்யாதி. தாளின் அடியில் கூடத்தின் முகவரி, மேலாளர் பெயர், வரவேற்பறைத் தொலைபேசி எண்.

அந்த எண் நிஜ எண். பக்கத்து அறையில் எங்கள் துறை சக ஆசிரியை ஒருவர் அந்த போனோடு உட்கார்ந்திருந்தார். யாராவது கூப்பிட்டால் அவர் வரவேற்பாளர். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும்: "முந்தாநாளே மூணு பேர் போன் பண்ணிட்டாங்க சார், ரிப்போர்ட்ல வேற வயசு போட்டிருக்குன்னு. மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுத்தேன்."

நடுவே நானும் தொந்தரவு கொடுத்தேன். 20-ஆவது நிமிடத்தில் நிருபரின் போன், 35-இல் ஒரு நோயாளியின் மகள் எழுதிய பதிவு, 50-இல் வக்கீல் உள்ளே வந்து ஒரு வரியை வெட்டச் சொன்னார் (மூத்த மாணவர், கோட்டெல்லாம் போட்டு வந்துவிட்டார்).

அறிக்கைகள் போன வருடத்தைவிட எவ்வளவோ மேல். "அசௌகரியம்" என்ற சொல் ஒன்றிலும் இல்லை. நான்கு குழு நோயாளி என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே வைத்தது. இரண்டு குழு "தவறு எங்களுடையது" என்ற வரிக்காக வக்கீலோடு மல்லுக்கட்டியது, ஒன்று ஜெயித்தது.

ஆனால் ஐந்து குழு எழுதியிருந்தது: "இன்று காலை 9 மணிக்குத் தவறு தெரியவந்ததும் உடனடியாக..."

ஒரே ஒரு குழுதான் அந்த எண்ணைக் கூப்பிட்டது. அதுவும் திட்டமிட்டு இல்லை. அவர்களில் ஒரு பெண், "வாசல்ல கூட்டம் இருக்கான்னு கேட்டுப் பார்க்கலாமா" என்று கூப்பிட்டிருக்கிறாள். பேசி முடித்தபோது அந்த மேசையில் எல்லார் முகமும் மாறிவிட்டது. அதற்குப் பிறகு இருபது நிமிடம் ஒரு வரிகூட எழுதவில்லை. முந்தாநாள் விஷயத்தைச் சொல்வதா, மறைப்பதா, மேனேஜரிடம் போய்க் கேட்பதா, கிளையண்டே நமக்குப் பொய் சொன்னால் நாம் யாருக்கு வேலை பார்க்கிறோம் என்று ஒரே சண்டை. மேனேஜர் நான்தானே, என்னிடம் வந்தார்கள். "அதெல்லாம் போட வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தேன். போடாவிட்டால் எங்கள் பெயரில் இது வெளியே போகாது என்றாள் அந்தப் பெண். நேரம் முடிந்து பதினோரு நிமிடம் கழித்து நான்கு வரி கொடுத்தார்கள். அதில் இரண்டாவது வரி: "மூன்று பேர் இரண்டு நாள் முன்பே எங்களிடம் சொன்னார்கள். நாங்கள் கவனிக்கவில்லை."

உறையையும் பிரித்தோம். ஐந்து உறையில் "மக்களிடம் நம்பிக்கை திரும்பும்" என்று இருந்தது. இந்தக் குழுவின் உறையில் "214 பேரில் 214 பேரும் நாளைக்குள் சரியான ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பார்கள்."

இப்போது என் பிரச்சினை: விதிப்படி தாமதத்துக்கு 5 மார்க் கழிக்க வேண்டும். கழிப்பதா?

#24 கறுப்புமை

கழியுங்கள். நிஜத்தில் அந்தப் பதினோரு நிமிடத்தில், நோயாளியின் மகள் எழுதிய பதிவை வைத்தே நிருபர் செய்தி போட்டிருப்பார். "விவரம் சேகரிக்கிறோம், அந்த ரிப்போர்ட்டை நம்பி மருந்தை மாற்ற வேண்டாம்" என்று இரண்டு வரி முதலிலேயே கொடுத்துவிட்டுச் சண்டை போட்டிருக்க வேண்டும். கழித்துவிட்டு, ஏன் என்று அவர்களிடம் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பெண்ணை என் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

#25 அளவுகோல்

மற்ற ஐந்து குழுவுக்கு எவ்வளவு போட்டீர்கள்? பொய்யை நேரத்துக்குக் கொடுத்தவர்களுக்கு முழு மார்க், உண்மையைத் தாமதமாகக் கொடுத்தவர்களுக்குக் குறைவு என்றால், அடுத்த பேட்ச் எதைக் கற்றுக்கொள்ளும்? முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பிறகு 5 மார்க்கைப் பேசுவோம்.

#26 மறுபக்கம்

அவர்கள் பொய் சொல்லவில்லை. கொடுத்ததை நம்பினார்கள். ஐவி லீ மாதிரி. (தாளைத் தூக்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இந்தத் தாளை மட்டும்.)

#27 தேனீ_வாத்தியார்

5 மார்க் கழித்தேன். சரிபார்ப்புக்கு என்று 10 மார்க் தனியாகப் பிரித்து, அதை அந்த ஒரு குழுவுக்கு மட்டும் போட்டேன். மற்ற ஐந்து குழுவும் துறைத் தலைவரிடம் புகார் எழுதியிருக்கிறார்கள்: போன் எண் தாளில் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததாம், கூப்பிடலாம் என்று யாரும் சொல்லவில்லையாம். புகார் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. முதல் வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்கள்.

தகவல் தாளையும் நேர அட்டவணையையும் கீழே இணைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம். போன் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்து நான்கு நாள் ஆகியும் சக ஆசிரியைக்கு ரிப்போர்ட் கேட்டு அழைப்பு வந்துகொண்டிருக்கிறது.